தேனில் குழைத்த மாத்திரை

என் நோயைப் பற்றிச் சொல்லுமுன் எலிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவற்றை விட்டுவிட்டுச் சொன்னால் எனக்கு வந்தது என்ன, போனது என்ன என்று யாருக்கும் விளங்காது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. கல்லூரியின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் வெள்ளை எலிகள் வளர்த்தோம். எங்கள் பேராசிரியை அவற்றில் ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன்.

கருப்பைக்கு உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதந்தோறும் அது வளரும். கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியேறும். ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு அதை வளர்க்கிறது. புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு சுரப்பு அதற்குக் கடிவாளம் போடுகிறது. கடிவாளம் போடுவது சரியாகச் சுரக்காவிட்டால் சவ்வு தன் போக்கில் தடித்துக்கொண்டே போகும், கண்ட நேரத்தில் உடைந்து ரத்தமாகக் கொட்டும். சிலருக்கு அது நாளடைவில் புற்றாகவும் திரும்பும். நாங்கள் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு அந்தச் சவ்வைத் தடிக்க வைப்போம். பிறகு புரொஜெஸ்டிரோன் வகை மருந்தைக் கொடுத்து, தடித்தது பழையபடி இறங்குகிறதா என்று பார்ப்போம். ஒரு கூட்டத்துக்கு முழு அளவு, ஒரு கூட்டத்துக்குப் பாதி, ஒரு கூட்டத்துக்கு மருந்தே இல்லாமல் வெறும் எண்ணெய். இறங்கியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எலியைக் கொன்று, கருப்பையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதைத் தவிர வழி கிடையாது.

பேராசிரியைக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு வேளை மருந்து தவறினாலும் அந்த எலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒற்றை எலியை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது. இந்த இரண்டிலும் அவரிடம் ஜம்பம் சாயாது.

எலி தொட்டவள் வீட்டுக்குள் நேரே வர முடியுமா? சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் மறுவேலை. புக்ககத்தில் மடி ஆசாரம் அப்படி. மாமியார் வாளியில் தண்ணீர் இறைத்து வைத்திருப்பார்.

"ஏண்டிம்மா, உங்க காலேஜுல படிக்கறதுக்கு வேற ஜந்துவே அகப்படலியா?" என்பார். கேலிதான். ஆனால் எனக்காக வாளி ஒருநாளும் நிறையாமல் இருந்ததில்லை.

மாதவிலக்கு நாட்களில் கொல்லைப்பக்கத்து அறையில் ஒதுங்கி இருக்க வேண்டும். தட்டு தனி, பாய் தனி, யாரையும் தொடக் கூடாது. வெளியூரில் படித்து வந்த என் சிநேகிதிகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. அடுப்படி இல்லை, அரைப்பு இல்லை, விருந்தாளி இல்லை. என் ஆராய்ச்சிக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து எழுதியதுதான்.

ஒரு ஆடி மாதம் ஒதுங்கியவள் ஆவணி பிறந்தும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. ரத்தம் நிற்கவே இல்லை. இரண்டு நாள் விட்டாற்போல் இருக்கும், தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வருவேன், மறுபடி ஆரம்பித்துவிடும். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை வைத்துத் தெருவே என் உடம்பைத் தெரிந்துகொண்டது. கோவிலுக்குப் போகிறவர்கள் மாமியாரிடம், "இன்னுமா உள்ளே வரலே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த அறையிலிருந்தே கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்; ஒருநாள் அங்கே எலிக்கூண்டைத் தூக்கியவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியை டாக்ஸி வைத்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருப்பது தனி வித்தை. யாரும் யாரையும் என்ன வியாதி என்று கேட்பதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். பினாயில் வாசனையும் பிள்ளை பெற்றவர்களின் பூண்டு வாசனையும் கலந்து அடிக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறவர்கள் நடுவே நான் பழைய துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, புடவையில் கறை தெரிகிறதோ என்று கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

டாக்டர் பிலோமினா குள்ளமான உருவம், சாந்தமான குரல். மயக்கம் கொடுத்துக் கருப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என் கணவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்திருக்கும்மா. இப்ப கேன்சர் இல்லை. ஆனா அப்படியே விடக் கூடாது. உங்களுக்குக் குழந்தை வேணும்ல?"

"வேணும் டாக்டர்."

"அப்ப மாத்திரையில சரி பண்ணப் பார்ப்போம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நடுவுல நிறுத்தவே கூடாது. தை மாசம் திரும்பச் சுரண்டிப் பார்க்கலாம். இறங்கலைன்னா கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும்."

மருந்துச் சீட்டைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எலிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே வகை மருந்து. "இதைப் பத்தி எனக்குத் தெரியும் டாக்டர்" என்று கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன். பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவரிடம் முழு அளவு கொடுத்த எலிகளைப் பற்றியே பேசினேன். பெரும்பாலானவற்றுக்குச் சவ்வு இறங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

மாமியாருக்கும் அந்த மாத்திரை தெரிந்ததாக இருந்தது. எந்த வீட்டில் கல்யாணம், சிராத்தம் என்றாலும் பெண்கள் அந்த நாளில் ஒதுங்கிவிடாமல் இருக்க நாலைந்து நாள் விழுங்குவது அதைத்தான். "இது தள்ளிப் போடற மாத்திரையோன்னோ?" என்று பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இனிமே உள்ளே வரலாம்" என்றார். பிஸ்கட் டப்பா ஒன்றைத் துடைத்து, எல்லாப் பட்டைகளையும் அதில் அடுக்கி, அலமாரியில் பெருமாள் பிரசாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ரத்தம் நின்றது. ஆனால் மாத்திரையைக் கண்டாலே குமட்டியது. விழுங்கினது அப்படியே திரும்பி வந்துவிடும். மாமியார் யோசித்துப் பார்த்து, மாத்திரையைச் சின்னக் கல்வத்தில் பொடித்துத் தேனில் குழைத்துத் தரத் தொடங்கினார். காலையில் காபிக்கு முன்னால் ஒருமுறை, ராத்திரி பாலுக்கு முன்னால் ஒருமுறை. கட்டிலருகே வந்து நின்று, "வாயைத் திற" என்பார். பெற்ற தாய் எனக்கு இல்லை. அந்த வயதில் ஒருவர் என் வாயில் தேனைத் தடவுவது எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வேளைகூட அவர் தவறவில்லை. அந்தத் தேனில் எவ்வளவு மாத்திரை இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

மார்கழி வந்தது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி என்றால் ஊரில் ஒவ்வொரு வீடும் சத்திரம்தான். முசிறியிலிருந்து, மண்ணச்சநல்லூரிலிருந்து, சென்னையிலிருந்தெல்லாம் உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளைக்குமேல் போக்குவரத்து. உடம்பு இன்னும் தேறாததால் நான் மாடியில் படுத்துக்கொண்டு கீழே எழும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன். அத்தனை கூட்டத்திலும் மாமியார் தேன் கிண்ணத்தோடு படியேறி வருவார். முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறுவார். அவருக்கு நல்ல திடகாத்திரம்.

தை பிறந்த கையோடு ஒரு நாள் காலையில் படுக்கை நனைந்து விழித்துக்கொண்டேன். இந்த முறை கட்டிக்கட்டியாகப் போயிற்று. இவர் என்னை டாக்ஸியில் போட்டுக்கொண்டு போனார்.

ரத்தம் ஏற்றினார்கள். பாங்க்கில் இவரோடு வேலை பார்த்தவர்கள் வரிசையாக வந்து கொடுத்தார்கள். அதில் ஒருவர் மாமிசம் சாப்பிடுகிறவர் என்று இவர் என் காதில் மெல்லச் சொன்னார். "என் எலியும்தான் என்னென்னவோ சாப்பிடும்" என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன்; இவர் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை சுரண்டினார்கள். முடிவு வருவதற்குள் ஒவ்வொரு நாளும் ஜுரம் பார்க்க வரும் நர்சின் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுவதே எனக்கு வேலை.

பக்கத்துக் கட்டிலில் துறையூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. கருப்பையை எடுத்துத் தையல் ஆறிக்கொண்டிருந்தது. "எடுத்துட்டா விட்டுது சனியன். அஞ்சு பெத்தாச்சு, இன்னும் அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு எத்தினி?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாததும் சட்டென்று புரிந்துகொண்டு, தனக்கு வந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தாள்.

முடிவு வந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். சவ்வு இறங்கவில்லை. சில இடங்களில் செல்லின் உருவமே மாறத் தொடங்கியிருந்தது. அதுதான் புற்றுக்கு முந்தின படி.

"மாத்திரை பலிக்கலைம்மா. எடுத்துட வேண்டியதுதான். மனசைத் தயார் பண்ணிக்குங்க."

மருந்து பலிக்கவில்லை என்று கேஸ் ஷீட்டிலும் எழுதினார். எனக்கு உள்ளுக்குள் எலிகளிடம் கோபம் வந்தது. இத்தனை நாள் என்னை நம்பவைத்துவிட்டனவே என்று ஒரு பைத்தியக்காரக் கோபம்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மாமியார் பருப்புச் சாதமும் சாத்தமுதும் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே பத்மா. இவருடைய அத்தையின் பெண், முசிறியில் கட்டிக்கொடுத்தது. ஏகாதசிக்கு வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மன்னி, உங்க மாத்திரையாலதான் இந்த வருஷம் பரமபத வாசல்ல நுழைஞ்சேன். நீங்க இப்படிப் படுத்துண்டிருக்கேளே."

"என் மாத்திரையா?"

மாமியார் கேரியரைத் திறந்துகொண்டே சொன்னார். "வந்தவா அத்தனை பேரும் கேட்டா. ஏகாதசி அன்னிக்குத் தூரமாயிட்டா எத்தனை தாபம், பாவம். நம்மாத்துல டப்பா நிறைய இருக்கறச்சே இல்லைன்னு சொல்லலாமோ? எல்லாருக்கும் குடுத்தேன். ஒருத்திகூட ஒதுங்கலே. எல்லாரும் உன் பேரைச் சொல்லித்தான் பெருமாளைச் சேவிச்சா."

"அப்போ எனக்கு?"

"உனக்கு இல்லாமலா? பாதிப் பாதியாக் குழைச்சேன். உனக்குத்தான் நின்னுடுத்தே, போறும்னு பார்த்தேன். என் பிள்ளைகிட்ட மறுபடி வாங்கிண்டு வரச் சொல்ல வெக்கமா இருந்தது. அப்புறம் தை பொறந்து நானே சொல்லி வாங்கி வெச்சுட்டேன், டப்பா நிறைய இருக்கு."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அவருக்கு அது மருந்தே இல்லை. பெண்டுகளுக்கு நாள் தள்ளிப் போடுகிற ஒரு பொருள், தீர்ந்தால் பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்வது. என் வாய்க்கு எதிரே சாதக் கவளம் வந்தது. வாயைத் திறந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் போனதும் டாக்டரைக் கூப்பிட்டனுப்பினேன்.

"டாக்டர், நான் பாதிதான் சாப்பிட்டிருக்கேன். எங்க லேப்ல ஒரு வேளை தவறினாலே அந்த எலியைத் தள்ளிடுவோம். இதை எப்படி மருந்து பலிக்கலைன்னு எழுத முடியும்? இன்னும் மூணு மாசம் முழுசாக் கொடுங்க."

அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா இப்ப செல் மாறியிருக்கு. இந்த மூணு மாசத்துல அது எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியாது. ரத்தம் வேற இவ்வளவு போயிருக்கு. உங்க எலி ஒண்ணு போச்சுன்னா அடுத்த எலியை எடுத்துக்குவீங்க. எனக்கு உங்களை விட்டா வேற நீங்க இல்லையே. முடிவு உங்களது. நீங்க வேணும்னு சொன்னா கொடுக்கறேன், பயந்துக்கிட்டுத்தான் கொடுப்பேன்."

இவர் சாயங்காலம் வந்தார். சொன்னேன். அம்மா மேல் ஒரு வார்த்தை சொல்வாரோ என்று பார்த்தேன். தலையைக் குனிந்து, கட்டில் கம்பியில் உரிந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நேக்கு நீ இருந்தாப் போறும்" என்றார். அந்த வார்த்தை ஆறுதலாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. முழு அளவு சாப்பிட்டும் இறங்காத எலிகளை நினைத்துக்கொண்டேன். நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று பார்ப்பதற்கு என்னைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. என் பயம்தான் ஜெயித்தது. எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன்.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போதல், யாரோ என் வயிற்றுக்குள் பாத்திரம் தேடுவதுபோல் ஓர் அசைவு. பிறகு தாகம். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்களே தவிரத் தண்ணீர் தர மாட்டார்கள். வலியைவிட அந்தத் தாகம் மோசம். இருமல் வந்தால் தையலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்ளத் துறையூர் அம்மாள்தான் சொல்லிக்கொடுத்தாள். இவர் தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கஞ்சி கொண்டுவந்து, ஆறவைத்து, ஸ்பூனால் ஊட்டினார். பில்லுக்கு என் வளையல்கள் போயின. அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

எடுத்ததை முழுக்கச் சோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது. எல்லாரும் பெருமாள் காப்பாற்றினார் என்றார்கள். நான் பேராசிரியையிடம் ஒன்று கேட்டேன். அவர் ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி என் ஸ்லைடுகளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தார். நடக்கத் தெம்பு வந்ததும் கல்லூரிக்குப் போய், நான் வழக்கமாக உட்கார்கிற ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு பக்கம் சுரப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு, உருமாறி, பார்க்கவே பயமாக இருந்தது. இன்னொரு பக்கம் அவை சுருங்கி, அடங்கி, மருந்து கேட்ட எலியில் இருப்பதுபோலவே இருந்தன. சுரண்டியபோது இந்தப் பக்கம் அகப்படவில்லை போலிருக்கிறது. பாதி அளவு கொடுத்த கூட்டத்தில் இதே படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், என் கையாலேயே வரைந்தும் இருக்கிறேன். பேராசிரியையும் குனிந்து பார்த்தார். அவர் என் தோளில் கை வைத்ததும் நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? மாமியார் எனக்குப் பத்தியச் சாதம் வடித்தார், எண்ணெய் தேய்த்துவிட்டார், குனிந்து ஒரு துரும்பை எடுக்க விடவில்லை. உடம்பு தேறியதும் ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார். "இனிமே உனக்குத் தடையே இல்லை. எந்தச் சிராத்தம் வந்தாலும் நீ தளிகை பண்ணலாம்." அப்படியே ஆயிற்று. மாதம் முழுக்க நான் மடியாக இருந்தேன். உறவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அடுப்படிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொல்லைப்பக்கத்து அறைக்குப் போக எனக்கு இனிக் காரணம் இல்லை. அதில் விறகு அடுக்கிவிட்டார்கள். என் ஆராய்ச்சிக் கட்டுரையும் அதோடு நின்றுபோயிற்று.

அடுத்த மார்கழியில் மறுபடி வீடு நிறைந்தது. ஏகாதசிக்கு முன்னால் ஒருநாள், கல்யாணமாகி வருஷம் திரும்பாத ஒரு பெண் அடுப்படி வாசலில் தயங்கி நின்று மாத்திரை கேட்டாள். மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "டப்பாவுல அப்படியே இருக்கே, எடுத்துக் குடு. உனக்கு அதெல்லாம் எதுக்கு இனிமே" என்று என்னிடம் சொன்னார்.

டப்பாவை எடுத்தேன். தையில் வாங்கியது, ஒரு பட்டைகூடப் பிரிக்காமல் இருந்தது. அந்தப் பெண்ணைக் கேட்டேன், மாதம் ஒழுங்காக வருகிறதா என்று. இல்லை, வந்தால் ரொம்ப நாள் போகிறது என்றாள்.

"அப்போ இதை நான் தர மாட்டேன். இது தள்ளிப் போடற சாமான் இல்லை, மருந்து. என்னோட ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர் சொன்னா முழுசாச் சாப்பிடலாம். பாதி சாப்பிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பாதி நறுக்கிய வாழைக்காய்.

ஏகாதசி விடியற்காலையில் எல்லாரும் பரமபத வாசலுக்குக் கிளம்பிப் போனார்கள். வந்தவர்களுக்குப் பலகாரம் ஆக வேண்டுமே என்று நான் அடுப்படியில் இருந்தேன். மாமியார் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாராம். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளாக அவர் தவறவிட்ட முதல் ஏகாதசி அது. அடுப்படிக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார்.

"அதனாலயா?" என்றார்.

எதனால் என்று நான் கேட்கவில்லை. ஒற்றை எலியை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக் கூடாது. "தெரியாதும்மா" என்றேன். பேராசிரியை கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நீ அதைத்தானேடிம்மா படிச்சே? உனக்கா தெரியாது?" என்றார். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.